நெல் விதைக்கு நீல அட்டை உண்டு, மீன் குஞ்சுக்கு?

மூன்று ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாகக் கைப்பேசி அடித்தது. கடைமடைப் பகுதியைச் சேர்ந்த விவசாயி ஒருவர். "சார், குட்டையில ஜிலேபி எல்லாம் செத்து மிதக்குது. நீங்க சொல்லித்தான் மீன் விட்டேன். கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். 20 சென்ட் பண்ணைக்குட்டை. நெல்லோடு மீனும் வளர்த்தால் கூடுதல் வருமானம் என்று பயிற்சி முகாமில் நான் பேசியதைக் கேட்டு வெட்டியது. ஒரு மாதத்துக்கு முன்புதான் சரக்கு வண்டியில் ஆக்சிஜன் பையோடு வந்த வியாபாரியிடம் 2,000 திலேப்பியா குஞ்சுகளும், கொஞ்சம் கட்லா, ரோகு குஞ்சுகளும் வாங்கி விட்டிருந்தார். கரையோரம் திலேப்பியா குவியலாக ஒதுங்கியிருந்தது. சில மீன்களின் கண் பால் படர்ந்தது போல வெளுத்திருந்தது. உடம்பில் செதில் உதிர்ந்து சிவந்த புண்கள்.

"ஆக்சிஜன் பத்தலை அண்ணே. பாதித் தண்ணிய வெளியேத்திட்டுப் புதுத் தண்ணி விடுங்க" என்றேன். அவர் உடனே மடையைத் திறந்தார். செத்த மீன், சாகப்போகிற மீன், குட்டைத் தண்ணீர் எல்லாம் வடிகால் வாய்க்காலில் இறங்கின. அந்த வாய்க்கால் அடுத்த மூன்று ஊர்களின் குளங்களைத் தொட்டுக்கொண்டு போய் ஆற்றில் சேர்கிறது.

நான் சொன்னது தவறு என்பது சில நாள் கழித்து, மீன்வளம் படித்த நண்பரிடம் பேசியபோதுதான் புரிந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "கட்லா செத்ததா?" இல்லை. கட்லாவும் ரோகுவும் அந்தக் குட்டையில் நன்றாகவே நீந்திக்கொண்டிருந்தன. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மேலே வந்து வாயைத் திறந்து தவிப்பது கட்லா. திலேப்பியா எதையும் தாங்கும் மீன், கடைசியில்தான் சாகும். கட்லா பிழைத்து திலேப்பியா மட்டும் செத்தால் அது தண்ணீர்க் கோளாறு அல்ல, அந்த இனத்தைத் தாக்கும் நோய் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். மடையைத் திறக்கச் சொல்லியிருக்கவே கூடாது.

மாதிரி எடுக்காததால் அது வைரஸ்தான் என்று இன்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், அந்தக் குஞ்சுகள் எந்தப் பொரிப்பகத்தில் பொரித்தவை, அவற்றின் தாய் மீன்களை யாராவது சோதித்தார்களா என்று வாங்கும்போது நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

நான் உழவியல் படித்தவன். அதே விவசாயி நெல் விதை வாங்கப் போனால் நான் என்ன சொல்வேன்? வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. அட்டையில்லாமல் வாங்காதீர்கள் என்பேன். முளைப்புத் திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சுத்தத் தன்மை 98 சதவீதம் இருக்க வேண்டும் என்றெல்லாம் வகுப்பெடுப்பேன். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் இதற்கெல்லாம் அடிப்படை. ஆனால் அந்தச் சட்டத்தில் மீன் விதை இல்லை. சரக்கு வண்டியில் வரும் ஆக்சிஜன் பையில் எந்த அட்டையும் தொங்குவதில்லை. நானும் அதைப் பற்றி ஒரு முகாமிலும் பேசியதில்லை.

மீன் வைரஸைத் தடுத்து நிறுத்தக்கூடிய இடம் ஒன்றுதான். அது குஞ்சு பொரிப்பகத்தின் வாசல். குஞ்சு ஏறும் வண்டி, கழிவு நீர் இறங்கும் வாய்க்கால் என்று அந்த வாசலுக்கு இரண்டு கதவுகள். இரண்டையும் தாண்டி ஏரியிலும் ஆற்றிலும் கலந்துவிட்ட வைரஸை எந்தத் துறையாலும் திரும்பப் பிடிக்க முடியாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பொரிப்பகத்தில் ஏன் பெருகுகிறது?

நாற்றங்காலில் குலை நோய் வந்தால் என்ன ஆகும் என்று நெல் விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாற்று போகிற வயலுக்கெல்லாம் நோயும் போகும். மீன் பொரிப்பகமும் ஒரு நாற்றங்கால்தான்; அங்குள்ள குளத்துக்குப் பெயரே நாற்றங்கால் குளம். வேறுபாடு, மீன் தண்ணீரில் வாழ்கிறது. வைரஸும் அதே தண்ணீரில் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகிறது.

ஏரியில் ஒரு மீன் நோயுற்றால் சோர்ந்துபோகும். விரால் பிடித்துத் தின்னும், நாரை கொத்திக்கொண்டு போகும். அந்த மீனோடு நோயும் பெரும்பாலும் முடிந்துவிடும். பொரிப்பகத் தொட்டியில் விரால் இல்லை, நாரை இல்லை. லட்சக்கணக்கான குஞ்சுகள் உடம்போடு உடம்பு உரசி, ஒரே தண்ணீரைச் செவுளில் இழுத்துக்கொண்டு இருக்கின்றன. ஒரு குஞ்சிடம் இருப்பது சீக்கிரமே எல்லாவற்றுக்கும் போகும். போதாததற்கு, சில வைரஸ்கள் தாய் மீனிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருகின்றன. திலேப்பியாவைத் தாக்கும் ஏரி வைரஸில் இது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. தாய் மீன் பார்க்க நலமாக இருக்கும். அதன் குஞ்சுகள் பையில் ஏறும்போதும் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். குளத்துக்கு வந்து, இடம் மாறிய களைப்பும் வெயிலும் சேர்ந்த பிறகுதான் நோய் தலைகாட்டும்.

வைரஸுக்கு மருந்து கிடையாது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மீன் சாகிறதென்று கடையில் கொடுக்கும் பொடியை வாங்கித் தண்ணீரில் கொட்டுவது காசுக்கும் கேடு, தண்ணீருக்கும் கேடு.

ஓர் ஏரியில் கண்டது

2009 முதல் இஸ்ரேலில் இரண்டு இடங்களில் திலேப்பியா பெருமளவில் சாகத் தொடங்கியது. ஒன்று வளர்ப்புக் குளங்கள். மற்றொன்று அந்த நாட்டின் பெரிய நன்னீர் ஏரியான கின்னரெட். விவிலியத்தில் கலிலேயாக் கடல் என்று வருவது இந்த ஏரிதான். ஏரியில் பிடிபடும் திலேப்பியாவின் அளவும் சரிந்தது. இதற்குக் காரணமாக இதுவரை அறியாத ஒரு வைரஸ் இருப்பதை 2014-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஏரியில் கண்டதால் 'திலேப்பியா ஏரி வைரஸ்' என்று பெயர் வந்தது.

பிறகு ஈக்வடார், கொலம்பியா, எகிப்து, தாய்லாந்து என்று அடுத்தடுத்த நாடுகளிலிருந்து செய்தி வந்தது. தாய்லாந்து ஆய்வாளர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். தங்கள் நாட்டுப் பொரிப்பகங்களில் 2012 முதல் 2017 வரை சேகரித்து வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2012-ஆம் ஆண்டு மாதிரியிலேயே வைரஸ் இருந்தது. அதாவது, நோய்க்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அது பொரிப்பகத்துக்குள் இருந்திருக்கிறது. அந்த ஆண்டுகளில் அங்கிருந்து 40-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குத் திலேப்பியா குஞ்சு போயிருந்தது. குஞ்சோடு நோயும் போயிருக்கக்கூடும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். 2017 மே மாதத்தில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலக நாடுகளுக்குச் சிறப்பு எச்சரிக்கை விடுத்தது.

அடுத்த ஆண்டே, 2018-இல், மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் வளர்ப்புத் திலேப்பியாவில் இந்த வைரஸைக் கண்டதாக இந்திய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் கூண்டு மீன்களில் மட்டுமல்லாமல் ஏரியில் தானாக வாழும் மீன்களிலும் அது இருப்பதை அதே ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டியது. மலேசியாவில் ஓர் அணை நீரில், திலேப்பியா குடும்பத்தையே சேராத, கெண்டை வகை ஆற்று மீன் ஒன்றிலும் அதைக் கண்டார்கள். குளத்து நோய், குளத்துக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை.

இந்த வைரஸ் மனிதரைத் தாக்காது. அதனால் மீன் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது மீனை நம்பிப் பிழைப்பவர்கள். மேட்டூர், பவானிசாகர் போன்ற அணைகளில் பரிசலில் போய் வலை போடும் குடும்பங்களுக்கு ஜிலேபிக் கெண்டை அன்றாடச் சோறு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்தத் திலேப்பியா இனம் இன்று நம் ஏரி, குளம், அணை எங்கும் பரவிக் கிடக்கிறது. ஏழைகளுக்குக் கட்டுப்படியாகும் மீனும் அதுதான். பண்ணையில் மீன் செத்தால் பண்ணைக்காரர் பெயரில் நட்டக் கணக்காவது எழுதலாம். அணையில் மீன் செத்தால் யார் பெயரில் எழுதுவது?

கெண்டைக்கும் விலக்கில்லை

திலேப்பியா வேண்டாம், கெண்டை வளர்த்துவிட்டுப் போகிறேன் என்று சிலர் நினைக்கலாம். ஜப்பானில் நடந்தது இது. 2003 அக்டோபரில் கசுமிகௌரா ஏரியில் கூண்டுகளில் வளர்த்த சாதாக் கெண்டைகள் கோய் ஹெர்பிஸ் என்ற வைரஸால் செத்தன. சுமார் 1,200 டன் என்று கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு, நாட்டின் மிகப் பெரிய ஏரியான பிவாவில், யாரும் வளர்க்காத காட்டுக் கெண்டைகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்து மிதந்தன. பிழைத்த கெண்டைகளிலும் அந்த வைரஸ் உடம்புக்குள் ஒடுங்கிக் கிடக்கும். தண்ணீரின் வெப்பநிலை தோதாக அமையும்போது மறுபடி வெளிவரும்.

நம் ஊரிலும் அறிகுறி இல்லாமல் இல்லை. அலங்கார மீனாக வளர்க்கும் கோய் கெண்டைகள் கூட்டமாகச் செத்தபோது, அவற்றிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து 2015-இல் வெளியிட்டவர்கள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி ஆய்வாளர்கள். மேற்கு வங்கத்தில் தங்கமீன் பண்ணைகளில் வேறொரு ஹெர்பிஸ் வைரஸ் 2016-இல் பதிவானது. அலங்கார மீன் என்றால் கண்ணாடித் தொட்டியோடு முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதைப் பெருக்குவதும் குஞ்சு பொரிப்பகம்தான். அங்கும் தொட்டியைக் கழுவிய தண்ணீர் ஒரு வாய்க்காலில்தான் இறங்குகிறது. வீட்டில் அலுத்துப்போன மீனைக் கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் கடலில் ஏற்கெனவே பட்டிருக்கிறோம்

இதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. கடலோர மாவட்ட விவசாயிகளுக்கு 1994, 1995 ஆண்டுகள் நினைவிருக்கும். வரி இறால் பண்ணைகள் வெண்புள்ளி வைரஸால் அடுத்தடுத்து விழுந்தன. அது இறால் நோய். மீன் நோய் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான்.

அப்போதெல்லாம் பொரிப்பகங்கள் தாய் இறாலைக் கடலிலிருந்துதான் பிடித்து வந்தன. நோயுற்ற பண்ணைகளின் தண்ணீர் சோதனையின்றி ஓடைகளுக்கும் கழிமுகங்களுக்கும் போனது. வெண்புள்ளி வைரஸ் 90-க்கும் மேற்பட்ட ஓட்டுடலி இனங்களில் தங்கக்கூடியது; நண்டு, காட்டு இறால் எல்லாம் அதில் அடக்கம். பின்னர் கடலில் பிடித்த தாய் இறாலையே சோதித்தபோது அதிலும் வைரஸ் இருந்தது. கடலிலிருந்து தாய், தாயிடமிருந்து குஞ்சு, குஞ்சிலிருந்து பண்ணை, பண்ணையிலிருந்து மறுபடி கடல் என்று வட்டம் முழுமையடைந்துவிட்டது. கடல் நமக்கு இலவசமாகக் கொடுத்த தாய் இறாலை நம்ப முடியாமல் போனது.

அதற்குப் பிறகு என்ன செய்தோம்? 2009 முதல், குறிப்பிட்ட நோய்கள் இல்லை என்று உறுதி செய்யப்பட்ட வெள்ளைக்கால் இறாலை, அதாவது வனாமியை, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரவழைக்கிறோம். அப்படி வரும் தாய் இறால் சென்னை நீலாங்கரையில் உள்ள நீர்வாழ் உயிரினத் தனிமைப்படுத்தும் மையத்தில் தங்கி, சோதனையில் தேறிய பிறகே பொரிப்பகத்துக்குப் போகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடலே கெட்ட பிறகுதான் அந்த வாசலுக்குக் கதவு போட்டோம். நன்னீர் மீனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஏற்றுமதி டாலர் தரும் இறாலுக்கு இருக்கும் அக்கறை, ஊர்ச் சந்தையில் விற்கும் கட்லாவுக்கும் ஜிலேபிக்கும் ஏன் இருக்கக் கூடாது?

வைரஸ் போகும் வழிகள்

பொரிப்பகத்துக்குத் தண்ணீர் வேண்டும். அதனால் அணைக்கு அடியிலோ, ஆற்றோரமோ, வாய்க்கால் கரையிலோதான் அது அமையும். எடுத்த தண்ணீர் திரும்ப அதே வாய்க்காலில் இறங்கும். இது முதல் வழி.

இரண்டாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏரிகளிலும் அணைகளிலும் மீன் வளம் பெருக ஒவ்வோர் ஆண்டும் நாமே குஞ்சு விடுகிறோம். நல்ல திட்டம், உள்நாட்டு மீனவருக்குத் தேவையான திட்டம். ஆனால் பொரிப்பகத்தில் நோய் இருந்தால், இடையில் எந்தத் தடையும் இல்லாமல் அதை நேராக இயற்கை நீரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இதே திட்டம்தான். ஒரு விவசாயியின் குட்டைக்குப் போகும் குஞ்சைவிட அணைக்குப் போகும் குஞ்சுக்குத்தான் சோதனை கடுமையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தப்பிப் போகும் மீன். நைல் திலேப்பியா வளர்க்க மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும், மீன் வெளியேறாதபடி தடுப்பு வேண்டும் என்று நெறிமுறை இருக்கிறது. தேவையான நெறிமுறை. ஆனால் வலைக்கண் மீனைத்தான் நிறுத்தும். தண்ணீரில் கரைந்து போகும் வைரஸை நிறுத்தாது. நான்காவது, ஆக்சிஜன் பையில் குஞ்சோடு வந்த தண்ணீர். குஞ்சை விட்டதும் பையை வாய்க்காலில் கவிழ்ப்பது வழக்கமாகிவிட்டது. ஐந்தாவது, குளத்துக்குக் குளம் போகும் வாடகை வலை, வாளி, வண்டித் தொட்டி.

"சின்னப் பொரிப்பகங்கள் தாங்குமா?"

இதைப் பேசும்போதெல்லாம் எதிர்ப்புக் குரல்கள் வரும். அவற்றில் நியாயம் இருக்கிறது. பொரிப்பகம் நடத்துகிறவரும் விவசாயிதான். ஆற்றுத் தண்ணீரே நோயோடு வந்தால் அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு முறையும் பி.சி.ஆர். பரிசோதனை என்றால் சின்னப் பொரிப்பகம் மூடிக்கொண்டு போக வேண்டியதுதான்; பெரிய நிறுவனங்கள் மட்டும் மிஞ்சும். இந்தக் கவலை எனக்கும் உண்டு.

அதனால்தான் சொல்கிறேன்: சோதிக்க வேண்டியது கோடிக்கணக்கான குஞ்சுகளை அல்ல, அவற்றைப் பெற்ற தாய் மீன்களை. ஒரு பொரிப்பகத்தில் தாய் மீன்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. பருவம் தொடங்கும் முன் அவற்றில் மாதிரி எடுத்தும், வண்டியேறும் முன் குஞ்சுகளில் ஒரு சிறு மாதிரி எடுத்தும் சோதித்தால் பெரும்பகுதி ஆபத்து வடிகட்டப்படும். அந்தச் செலவை அரசு ஏற்க வேண்டும். மண் பரிசோதனையை மலிவாகச் செய்துகொடுத்து மண்வள அட்டை தருகிற அரசுக்கு இது புதிய கொள்கை அல்ல.

"வைரஸ் இயற்கையிலேயே இருப்பதுதானே, பொரிப்பகத்தின் மேல் ஏன் பழி?" என்பது அடுத்த கேள்வி. சில வைரஸ்கள் இயற்கையில் இருப்பவைதான். ஆனால் எங்கோ ஒரு மீனில் கிடப்பதை லட்சமாகப் பெருக்கி, பையில் கட்டி, மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோவது இயற்கை அல்ல. வேறொரு நாட்டிலோ மாநிலத்திலோ இருந்த வைரஸ் தானாக நீந்தி நம் ஏரிக்கு வராது.

ஆற்றில் கலந்தபின் அதன் தீங்கை நிரூபிப்பதும் எளிதல்ல. கனடாவின் பசிபிக் கரையில் சால்மன் மீன்களைத் தாக்கும் ஒரு வைரஸ் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிக் பகுதியிலிருந்து அங்கே வந்தது என்றும், வளர்ப்புக் கூண்டுகளுக்கு அருகில் பிடிபடும் காட்டு சால்மனில் அது கூடுதலாக இருக்கிறது என்றும் 2021-இல் ஒரு மரபணு ஆய்வு சொன்னது. அது காட்டு மீனை எவ்வளவு பாதிக்கிறது என்பதில் அங்கே இன்னும் வாதம் ஓயவில்லை. நோயுற்ற காட்டு மீன் கண்ணில் படுவதற்குள் வேறொன்றுக்கு இரையாகிவிடும். எண்ணி எடுக்கப் பிணம் கிடைக்காது.

அந்த எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் வாதம் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. 2018 மே மாதத்தில் ஒரு பொரிப்பகத்தில் இருந்த 8 லட்சம் சால்மன் குஞ்சுகளைக் கடல் கூண்டுகளுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். சோதித்ததில், ஐஸ்லாந்தில் காணப்படும் வகையைச் சேர்ந்த அதே வைரஸ் இருந்தது. அது அந்தக் கடலுக்கு அன்னியமானது. மாநில மீன்வளத் துறை அனுமதி மறுத்தது. குஞ்சு பொரிப்பகத்து வாசலைத் தாண்டவில்லை. கதவு என்று நான் சொல்வது இதைத்தான்.

செய்ய வேண்டியவை

அரசிடம் நான் கேட்பது நான்கு.

ஒன்று, மீன் விதைக்கும் ஓர் அட்டை. பொரிப்பகத்தின் பெயர், பதிவு எண், தாய் மீன் சோதித்த நாள், எந்தெந்த நோய்க்குச் சோதித்தார்கள், முடிவு என்ன என்று பையோடு வர வேண்டும். அசாம் 2005-லேயே மீன் விதைக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நம்மாலும் முடியும்.

இரண்டு, பொரிப்பகத்தின் கழிவு நீர் வாய்க்காலில் இறங்கும் முன் ஒரு தேக்கக் குளத்தில் தங்கி, கிருமி நீக்கம் செய்யப்பட வேண்டும். புதிதாக உரிமம் கேட்பவருக்கு இது நிபந்தனையாகவும், பழையவர்களுக்கு மானியத்தோடும் வர வேண்டும்.

மூன்று, அணை, ஏரிகளில் விடும் குஞ்சுகளின் சோதனை முடிவை அந்தந்த இடத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

நான்கு, மாவட்டத்துக்கு ஓரிடத்திலாவது மாதிரி வாங்கிக்கொள்ளும் வசதி. உள்ளூர் கால்நடை மருந்தகத்தில் கோழிக்குக் கிடைக்கும் கவனிப்பு மீனுக்கும் கிடைக்க வேண்டும்.

அரசு செய்யும் வரை விவசாயிகளும் களப்பணியாளர்களும் செய்யக்கூடியவை:

• குஞ்சு வாங்கும்போது எந்தப் பொரிப்பகம் என்று கேளுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். ரசீதையும் வண்டி வந்த தேதியையும் குறித்து வையுங்கள்.

• புதுக் குஞ்சைப் பழைய மீனோடு உடனே கலக்காதீர்கள். குளத்துக்குள் ஹாப்பா வலை கட்டினால் தண்ணீர் ஒன்றுதானே. ஆகவே தனிக் குழியிலோ தார்ப்பாய்த் தொட்டியிலோ மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். முடியாதவர்கள் ஒரு பருவத்துக்கு ஒரே இடத்துக் குஞ்சு என்றாவது வைத்துக்கொள்ளுங்கள்.

• பையில் வந்த தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல், தண்ணீர் ஓடாத மேட்டு மண்ணில் ஊற்றுங்கள்.

• மீன் சாகத் தொடங்கினால் முதலில் மடையை அடையுங்கள். எந்த இனம் சாகிறது, எது பிழைத்திருக்கிறது என்று பாருங்கள். விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து தவித்தால் ஆக்சிஜன் குறை. தண்ணீரை வெளியேற்றாமல் பம்பு வைத்து அதே தண்ணீரைக் குளத்துக்குள் தெளிக்கலாம். ஓர் இனம் மட்டும் நாளுக்கு நாள் கூடுதலாகச் செத்தால் நோய் என்று சந்தேகியுங்கள்.

• பரிசோதனைக்குச் செத்து அழுகிய மீன் உதவாது. சாகும் தறுவாயில் உள்ள மீனை ஆக்சிஜன் பையில் உயிரோடு, அல்லது உடனே பனிக்கட்டியில் வைத்து, மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ அருகிலுள்ள மீன்வளக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். நீர்வாழ் உயிரின நோய்க் கண்காணிப்புக்கான தேசியத் திட்டம் 2013 முதல் நடக்கிறது. அதன் கீழ் 2023-இல் வெளியான 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற கைப்பேசிச் செயலியிலும் படத்தோடு தகவல் தரலாம்.

• செத்த மீனை வாய்க்காலில் வீசாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். நீர்நிலைக்குத் தள்ளிக் குழி வெட்டி, சுட்ட சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

• வலை, வாளிகளை அடுத்த குளத்தில் இறக்கும் முன் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். நோய் வந்த குளத்தை மண் வெடிக்கும் வரை காயப்போட்டு, சுண்ணாம்பு இட்ட பிறகே அடுத்த குஞ்சு.

ஒருங்கிணைந்த பண்ணையம் என்று முகாம்களில் பேசும் என்னைப் போன்ற வேளாண் துறையினருக்கும் ஒரு வார்த்தை. மாட்டுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, நெல் விதை சான்று பெற்றதா என்று கேட்கும் நாம், மீன் என்று வந்ததும் 'குஞ்சு வாங்கி விடுங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். குட்டை அவருடையது, ஆனால் குட்டையின் மடை ஊருக்குப் பொதுவான வாய்க்காலில்தான் திறக்கிறது.

அந்தக் கடைமடை விவசாயி அடுத்த ஆண்டு குட்டையைக் காயப்போட்டார். அதற்கடுத்த ஆண்டு மறுபடி குஞ்சு வாங்கினார். வாங்கும் முன் வியாபாரியிடம் தாய் மீனைச் சோதித்த விவரம் கேட்டிருக்கிறார். "இத்தனை வருசத்துல இதைக் கேட்ட மொத ஆள் நீங்கதான்" என்று சிரித்தாராம் வியாபாரி. இவர் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டு, 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு பொரிப்பகத்துக்கு நேரில் போய்ப் பார்த்துக் குஞ்சு எடுத்து வந்தார். வண்டி வாடகை கூடுதலாகத்தான் ஆனது என்று என்னிடம் சொன்னார்.

ஒரு விவசாயி கேட்டால் வியாபாரி சிரிப்பார். பத்து ஊர் விவசாயிகள் கேட்டால் அவர் பொரிப்பகத்தில் போய்க் கேட்பார். அட்டை வருவதற்கு நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.